தவிட்டில் பிறந்த வைட்டமின்

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாவில் மூன்று சமூகத்தார் மூன்று விதமான அரிசியை உண்டு வந்தார்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் மண் வெட்டிய சீனர்களுக்கு சயாமிலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சரிசி வந்தது. ஆலையில் பலமுறை தீட்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கப்பட்ட அரிசி அது. கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை வேண்டும்போது வேண்டிய அளவு வீட்டிலேயே குத்திக்கொண்டார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில்பாதை வேலைக்கும் கப்பலேறிப் போன தமிழர்களோ, ஊரில் உண்ட அதே புழுங்கல் அரிசியைத்தான் அங்கேயும் உண்டார்கள்.

சுரங்கத்துச் சீனர்கள் பெரிபெரியில் செத்தார்கள். முதலில் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, மூச்சு முட்டி, இதயம் நின்றுபோகும். காலையில் மண்வெட்டியோடு போனவன் மாலையில் பிணமாக வந்ததும் உண்டு. தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே தென்பட்டது. அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தோட்ட லயங்களில் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. ஆனால் பெரிபெரி மட்டும் அண்டவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைத் துருவித் துருவிப் பார்த்து, 1907-இல் புத்தகமாகவே எழுதினார். நோய் ஆளைப் பார்த்து வரவில்லை, அரிசியைப் பார்த்து வருகிறது என்பது அவர் கண்டது. கவனிப்பு சரி, விளக்கம் தவறு. தீட்டிய பச்சரிசி மூட்டையில் கிடக்கும்போது ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

இன்று முழு தானியம் உடம்புக்குக் கட்டாயமா என்று நாம் கேட்கிறோம். கைக்குத்தல் அரிசியா, சிறுதானியமா, வழக்கமான வெள்ளைச் சோறா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கிறது. இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, வைட்டமின் என்ற ஒன்று உலகத்துக்குத் தெரியவந்த கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கதை மலாயாவுக்கு முன்பே ஜப்பானில் தொடங்கிவிட்டது.

ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ, லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு 1880-இல் நாடு திரும்பினார். கடற்படையில் பெரிபெரி தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் முதலில் பட்டது, நோய் பதவி பார்த்து வருகிறது என்பது. ஒரே கப்பலில், ஒரே காற்றைச் சுவாசித்த அதிகாரிகளுக்கு அது அபூர்வம், சாதாரண மாலுமிகளுக்குத்தான் அதிகம். அதிகாரிகளின் தட்டில் சோற்றோடு பலவும் இருந்தன. மாலுமிகளின் தட்டில் சோறுதான் முக்கால்வாசி. 1882-இன் இறுதியில் கிளம்பிய ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாகச் சுற்றி வந்தது. அதிலிருந்த 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி, 25 பேர் சாவு. தகாகி போராடி, 1884-இல் த்சுகுபா என்ற மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். இம்முறை ரொட்டி, இறைச்சி, பால் எல்லாம் ஏற்றப்பட்டன. நோய் கண்டவர்கள் இருபதுக்கும் குறைவு. ஒரு சாவும் இல்லை.

மாலுமிகளுக்கு ரொட்டி பிடிக்கவில்லை. அதனால் பிறகு அரிசியோடு பார்லியைக் கலந்து கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் கடற்படையிலிருந்து பெரிபெரி ஏறக்குறைய மறைந்தே போனது. தகாகியும் காரணத்தைத் தவறாகத்தான் சொன்னார், புரதக் குறைவு என்று. அது தவறு என்பதைப் பிடித்துக்கொண்டு தரைப்படை மருத்துவர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். கிருமிதான் காரணம் என்று அடம்பிடித்தவர்களில் மோரி ஓகாயும் ஒருவர், ஜப்பானிய இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற அதே எழுத்தாளர். கிராமத்து ஏழைப் பையன்களுக்கு வெள்ளைச் சோறு பெருமைக்குரிய பண்டம். அதைத் தருவது ராணுவத்தின் கௌரவமாகவும் இருந்தது. விளைவு கொடூரமானது. 1904-05 ருஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பெரிபெரி வந்தது, ஏறக்குறைய 27,000 பேர் செத்தார்கள். கடற்படை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்ட நோய் அது. காரணம் சரியாக விளங்கவில்லை என்பதற்காகக் கண்முன் தெரிந்த மருந்தை மறுத்த அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

இன்றைய இந்தோனேசியாவை ஆண்ட டச்சுக்காரர்களுக்கும் பெரிபெரி ராணுவத் தலைவலியாகத்தான் வந்தது. சுமத்ராவின் ஆச்சே பகுதியில் போரிட்ட அவர்களது படைகள் நோயில் சுருண்டன. 1886-இல் ஒரு குழு ஜாவாவுக்கு வந்தது. கிருமியைத் தேடியது, கண்டுபிடித்துவிட்டதாக நம்பித் திரும்பியும் போனது. பின்தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் எய்க்மான். படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய சிறிய ஆய்வுக்கூடம் அவருடையது. 1889-இல் கிருமி ஏற்றிப் பார்ப்பதற்காக அங்கே வளர்த்த கோழிகள் திடீரென்று கால் துவண்டு விழுந்தன. நோயேற்றாத கோழிகளும் விழுந்தன. சில மாதங்கள் கழித்து எல்லாம் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. செலவை மிச்சப்படுத்த, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை ஆய்வுக்கூட உதவியாளர் ஜூன் மாதம் முதல் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். நவம்பரில் சமையல்காரர் மாறினார். ராணுவத்துச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் மறுபடி சாதாரணத் தீவனத்துக்குத் திரும்பின, பிழைத்தன.

எய்க்மான் தீட்டிய அரிசியைக் கொடுத்து நோயை வரவழைத்தார், தவிட்டைக் கொடுத்துப் போக்கினார். அவருடைய விளக்கமும் கோணல்தான். மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்று எண்ணினார். கோழிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா என்று பார்க்க, ஜாவாவின் சுகாதார ஆய்வாளர் வோர்டர்மன் சிறைச்சாலைகளை வலம் வந்தார். அந்தந்த வட்டாரத்து வழக்கப்படி சில சிறைகளில் தவிடு போகாத அரிசி, சிலவற்றில் தீட்டிய அரிசி. நூறு சிறைகள், ஏறக்குறைய 2,80,000 கைதிகள். தவிட்டரிசி உண்ட இடங்களில் 10,000 பேரில் ஒருவருக்கு பெரிபெரி. தீட்டிய அரிசி உண்ட இடங்களில் 39 பேரில் ஒருவருக்கு. காற்றோட்டம், கட்டடத்தின் வயது, நெரிசல் என்று எதைப் பார்த்தும் இப்படி ஒரு வேறுபாடு அவருக்குக் கிடைக்கவில்லை.

எய்க்மான் உடல்நலம் கெட்டு 1896-இல் ஊர் திரும்ப, அவர் இடத்தில் வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-இல் முடிச்சை அவிழ்த்தார். அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை. உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று அதில் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவே. அதோடு, நோயுற்ற கோழிகளுக்கு அவர் பச்சைப்பயறும் கொடுத்துப் பார்த்தார். பயறும் தவிட்டைப் போலவே குணப்படுத்தியது. இந்தப் பயறு விவரத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமான இடம் அதுதான். தவிட்டில் இருப்பது தவிட்டில் மட்டுமே இருப்பதல்ல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மலாயாவுக்குத் திரும்பலாம். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். அரிசிதான் காரணம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எதிர்க் கட்டடத்துக்கு. ஒரு பக்கம் சயாம் பச்சரிசி, மறுபக்கம் இந்தியப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில் ஏதேனும் தொற்று இருக்குமோ என்று ஆறு மாதம் கழித்து இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. ஓராண்டின் முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் பலருக்கு பெரிபெரி, 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் 123 பேர், பெரிபெரியால் ஒரு சாவும் இல்லை. மருத்துவ வரலாற்றில் இதை அழகான சோதனை என்று புகழ்கிறார்கள். சம்மதம் கேட்கப்படாத, கேட்டாலும் சொல்லத் தெரியாத 18 பேர் அந்தப் புகழுக்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கும் பேசப்படுவதில்லை.

அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர் 300 பேரிடம் இதையே மறுபடி சோதித்தார்கள். முடிவு மாறவில்லை.

புழுங்கல் அரிசி எப்படிக் காத்தது? அதையும் ஆலையில்தான் தீட்டினார்கள், அதிலும் தவிடு போனது. வித்தியாசம் அதற்கு முன்னால் நடக்கும் வேலையில் இருக்கிறது. நெல்லை ஊறப்போட்டு, அண்டாவில் ஏற்றி, நெல் வாய் பிளக்கும் பதத்தில் அவித்து இறக்கி, களத்தில் பரப்பிக் காலால் துழாவித் துழாவி உலர்த்துவார்கள். அரிசியின் முளையிலும் தவிட்டுத் தோலிலும் இருக்கும் சத்து நீரில் கரையக்கூடியது. ஊறும்போதும் அவியும்போதும் அது நீரோடு உள்ளே இறங்குகிறது. வெந்த மாவு இறுகும்போது உள்ளேயே பிடித்துக்கொள்ளப்படுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. இன்றைய அளவுகளில் சொன்னால், 100 கிராம் தவிட்டரிசியில் இந்தச் சத்து ஏறக்குறைய 0.4 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 0.07, தீட்டிய புழுங்கலில் 0.2. ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்குத் தேவை 1.1 முதல் 1.2 மில்லிகிராம்.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று மேடையில் பேசுவதை நான் ஏற்பதில்லை. அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும், குத்தும்போது நொய் குறையும், அரிசி பூச்சி பிடிக்காமல் நாள்பட நிற்கும். இதற்காகச் செய்தார்கள். உயிர் காத்தது தானாகக் கூடிவந்த நன்மை. அப்படிச் சொல்வதால் நெல் அவித்த பெண்களின் உழைப்புக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

தவிட்டுக்குள் இருந்த பொருளைப் பிரித்தெடுக்கும் ஓட்டம் அடுத்து நடந்தது. 1910-இல் ஜப்பானில் சுசுகி உமேதாரோ தவிட்டிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார். வார்சாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய காசிமிர் பங்க் 1911-இல் தம் பங்குக்கு ஒன்றைப் பிரித்து, மறு ஆண்டு, 1912-இல், இத்தகைய பொருள்களுக்கெல்லாம் வைட்டமின் என்று பெயர் சூட்டினார். அவர் பிரித்ததில் உண்மையான பொருள் மிகக் குறைவு என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. சுத்தமான படிகம் கிடைத்தது 1926-இல், எய்க்மான் வேலை செய்த அதே படாவியாவில். யான்சன், டொனாத் என்ற இருவர் 300 கிலோ தவிட்டை அலசி அலசி 100 மில்லிகிராம் எடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து எய்க்மானுக்கு நோபல் பரிசு வந்தது, ஆங்கிலேய ஆய்வாளர் ஹாப்கின்ஸோடு பகிர்ந்து. தகாகி இல்லை, கிரைன்ஸும் இல்லை.

அந்தப் படிகத்தின் கட்டமைப்பைக் கண்டு, 1936-இல் செயற்கையாகவே செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளவயதில் மணிலாவில் வேலை பார்த்தபோது, வெள்ளைச் சோறு உண்ட தாய்மாரின் பாலைக் குடித்த கைக்குழந்தைகள் பெரிபெரியில் துடிப்பதையும், தவிட்டுச் சாறு சில சொட்டு போனதும் சில மணி நேரத்தில் தெளிவதையும் கண்டார். அது அவரைக் கால் நூற்றாண்டு விடவில்லை. தொலைபேசி நிறுவன ஆய்வுக்கூடத்தில் பிழைப்புக்கு வேலை, மற்ற நேரமெல்லாம் இந்தத் தேடல். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 அப்படித்தான் மாத்திரையாக நம் கைக்கு வந்தது.

நம் பக்கத்திலும் ஒரு கிளைக்கதை உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணை ஒன்றைத் தொடங்கினார். பின்னால் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வித்து அதுதான். சென்னை மாகாணத்திலேயே பெரிபெரி ஊன்றி நின்றது ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில். புழுங்கல் அரிசித் தமிழ் மாவட்டங்களில் அது அரிது. மலாயாவில் கண்டது ஒரே மாகாணத்துக்குள்ளேயே மறுபடி தெரிந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். முழு தானியம் கட்டாயமா? முழு தானியத்தில் மட்டுமே இருந்து வேறெங்கும் கிடைக்காத சத்து என்று ஒன்று இல்லை. ஜப்பானிய அதிகாரிகள் வெள்ளைச் சோறு உண்டும் பிழைத்தார்கள், கூடவே மற்றதும் உண்டதால். கிரைன்ஸின் கோழிகள் பயறு தின்று எழுந்தன. ஆக, எந்த அரிசி என்பதற்கு முன் கேட்க வேண்டியது, தட்டில் எத்தனை பங்கு அரிசி என்பது. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையுமாக, தொட்டுக்கொள்ள ஒரு துவையலோ ஊறுகாயோ மட்டும் உள்ளவருக்குத் தவிடு போகாத தானியம் கட்டாயம்தான். ஒரு கரண்டிச் சோறு, அதைவிடக் கூடுதலாகப் பருப்பு, கீரை, காய், முட்டை அல்லது மீன் என்று உண்பவருக்கு அது கட்டாயம் இல்லை. நம்மில் எத்தனை பேர் இரண்டாவது வகை என்பதை அவரவர் தட்டைப் பார்த்து நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய நோய் ஒழிந்துவிட்டது என்றும் இருந்துவிட முடியாது. காஷ்மீரில் இந்த நூற்றாண்டிலும், தாய்மார் தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்டதால் தயமின் இன்றித் தவித்த கைக்குழந்தைகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் இன்று தமிழ்நாட்டில் அச்சுறுத்துவது பெரிபெரி இல்லை, சர்க்கரை நோய். இங்கே புழுங்கல் அரிசி நம்மைக் கைவிடுகிறது. வைட்டமின் உள்ளே இறங்கியது போல நார்ச்சத்து இறங்குவதில்லை. அது தவிட்டோடு போய்விடுகிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் கூடுதல் உடல் எடை கொண்டவர்களுக்கு வெள்ளை அரிசியும் தவிட்டரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், தவிட்டரிசி உண்ட நாள்களில் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நார்ச்சத்து நிறைய உண்போரிடம் இதய நோயும் சர்க்கரை நோயும் மரணமும் குறைவு என்றது, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்தைப் போதுமான அளவாகக் காட்டியது. இப்படிப்பட்ட கணக்குகளில் பெரும்பாலானவை மக்களைக் கவனித்து எழுதியவை. முழு தானியம் உண்பவர்கள் நடக்கவும் செய்வார்கள், புகைக்காமலும் இருப்பார்கள். அந்தக் கழிவைப் போட்ட பிறகும் திசை தெளிவாகவே தெரிகிறது.

தவிட்டிலும் குறை உண்டு. நிலத்திலும் நீரிலும் ஆர்செனிக் இருக்கும் இடத்து நெல்லில் அது தவிட்டில்தான் கூடுதலாகத் தங்கும். இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதைத் தவிட்டின் பைட்டிக் அமிலம் ஓரளவு தடுக்கும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தவிட்டரிசிக்கு மாறக் கூடாது. சிறுதானியம் என்று கடையில் விற்கும் சாமை, தினை, குதிரைவாலியில் பல நன்றாகத் தீட்டப்பட்டவை. பெயர் சிறுதானியம், செய்கை வெள்ளை அரிசியினுடையது. கேழ்வரகின் தோல் எளிதில் பிரியாததால் அது மட்டும் பெரும்பாலும் முழுதாகவே மாவாகிறது. அதையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். களியாகவோ அடையாகவோ, கீரையோடும் பருப்போடும் உண்பது மேல்.

தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆலைக்காரருக்கும் வணிகருக்கும் வெள்ளை அரிசி பிடித்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம். பிரித்த தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போய்க் காசாகிறது. ரேஷன் கடையில் தந்த செறிவூட்டிய அரிசியில் 100-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்த மணிகளில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்க்கப்பட்டன. ரத்தசோகைக்கு எதிரான முயற்சி என்ற அளவில் அதை வரவேற்கிறேன். நார்ச்சத்தை அந்த வழியில் திருப்பித் தர முடியாது. அதற்கு அரிசியைக் குறைவாகத் தீட்ட வேண்டும். நெல்லை அவித்து ஒரே ஒரு தீட்டோடு நிறுத்திய புழுங்கல் அரிசி வைட்டமினையும் வைத்திருக்கும், நாரில் ஒரு பங்கையும் வைத்திருக்கும், பச்சைத் தவிட்டரிசியைவிட எளிதில் வேகவும் செய்யும். அந்த அரிசி ரேஷன் கடையில், விருப்பப்பட்டவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கிடைக்க வேண்டும். ஒரு வேலை குறைவாகச் செய்த அரிசியை ஏழை தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நிலையை அரசு நினைத்தால் அடுத்த கொள்முதலிலேயே மாற்றத் தொடங்கலாம்.